விடை கூறும் இலக்கு



வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்குத் திசையாகச் செல்வோர் சிறிது தூரத்தில் நெளுக்குளத்தை அடைவர். பெயரே உணர்த்துவதுபோலக் குளத்தைச் சார்ந்து எழுந்த ஊர் அது. விஞ்ஞான ஆசிரியனாகக் கடமையாற்றி இளைப்பாறிய பின்னர் நான் வாழ்வது அங்கேதான். எங்கள் வீட்டுத் திண்ணையில் உருவான ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். வானொலியில் விளையாட்டுப் பொருளைப் பற்றியா பேச்சு என்று முதியோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்; இது முற்றிலும் விளையாட்டு அன்று.

2022 ஆம் ஆண்டின் முற்பகுதி. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொலைக்காட்சியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. பிள்ளைகளை ஓரிடத்தில் இருத்தி வைப்பது பெரும்பாடு. அந்நாட்களில், கனடாவில் வாழும் உறவினர் ஒருவர் அனுப்பிய பொதியொன்று வீடு வந்து சேர்ந்தது. சொக்கலேற்றுகளுக்கும் உடுப்புகளுக்கும் நடுவே, செம்மஞ்சள் நிறத் துப்பாக்கியொன்றும் ஸ்பொஞ்சினாலான அம்புகள் பன்னிரண்டும் அதனுள் இருந்தன. விசையை இழுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் காற்றைத் தள்ள, அம்பு பாய்ந்து செல்லும். எட்டு வயதுப் பேரனின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

முற்றத்து வேம்பின் அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதனைச் சுடும்படி அவனுக்குக் கூறினேன். இரண்டு முறை சுட்டான். மூன்று முறை சுட்டான். அம்பு பலகையிற் பட்டு ஓசையின்றிக் கீழே விழுந்தது. நான்காம் முறை அவன் திரும்பித் தன் தங்கையைச் சுட்டான். ஐந்து வயதுக் குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள். அவளுக்கு நோவு ஏதும் இல்லை, அச்சந்தான். அவன் கைகொட்டிச் சிரித்தான்.

அடுக்களையிலிருந்து என் மருமகள் வெளியே வந்தாள். ஒரு சொல்லும் கூறாமல் துப்பாக்கியை அவன் கையிலிருந்து வாங்கினாள். அலுமாரியின் மேல் வைத்துவிட்டு மீண்டும் அடுக்களைக்குட் போய்விட்டாள். அவள் 2009 ஆம் ஆண்டில், தன் பதினேழாவது வயதில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து செட்டிகுளத்து முகாமுக்கு வந்து சேர்ந்தவள். அக்கதையை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. நேயர்களுட் பலர் அதனை என்னிலும் நன்கு அறிவர். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை நோக்கித் துப்பாக்கி நீட்டுவதை வேறோர் ஊரில் விளையாட்டு என்று கூறி விட்டுவிடலாம். எங்கள் முற்றத்தில் அவ்வாறு விடுதல் இயலாது.

அன்றிரவு இருளில் அமர்ந்திருந்தபோது என்னை ஒரு கேள்வி வருத்தியது. பேரன் கெட்ட பிள்ளை அல்லன். தங்கைமேல் மிகுந்த அன்புடையவன். அவ்வாறாயின் பலகையை விட்டு அவளை ஏன் சுட்டான்? சிந்திக்கச் சிந்திக்க, விடை மிக எளியதாகத் தோன்றிற்று. பலகை பேசவில்லை, தங்கை பேசினாள்.

குறிபார்த்தல் சம்பந்தமான நம் விளையாட்டுகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மாங்காய்க்குக் கல் எறிகிறோம்; பட்டால் மாங்காய் விழும். போளை அடிக்கிறோம், பட்டால் எதிர்ப்போளை 'டக்' என்று தெறித்து ஓடும். கிட்டிப்புள்ளும் அவ்வாறே. வேலியிற் கவிழ்த்த பால்மாப் பேணியைக் கவணால் அடித்தால், ஊருக்கே கேட்கும். பாரதக் கதையில் சுழலும் பொறியின் மேலிருந்த மீனை அருச்சுனன் வீழ்த்துகின்றான். மீன் விழுந்ததை அரசவை முழுவதும் கண்டது. இலக்கு என்பது அடிபட்டவுடன் தானும் ஏதேனும் ஒன்று செய்ய வேண்டும். அதுவே எறிந்தவனுக்குக் கிடைக்கும் கூலி. ஆங்கிலேயர் 'டாட்ஸ்' என வழங்கும் அம்பெறி விளையாட்டிலும் இவ்வாறே. 2.37 மீற்றர் தூரத்தில் நின்று எறியும் உருக்குமுனை அம்பு பலகையிற் குத்தி நிற்கின்றது. நின்ற இடமே விடை.

ஆனால் உருக்குமுனை சிறுவருக்கு ஆகாது. கனத்த முனைகொண்ட புல்வெளி அம்புகள் பிள்ளைகளின் தலையிற் பாய்ந்து உயிர் குடித்தமையால், அமெரிக்க ஐக்கிய நாடு 1988 ஆம் ஆண்டு டிசெம்பரில் அவற்றின் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. ஸ்பொஞ்சு விளையாட்டுப் பொருளின் வரலாறோ வேறு. றெயின் கையர் என்பவர் 1969 இல் உருவாக்கிய ஸ்பொஞ்சுப் பந்தை பாக்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1970 இல் விற்பனைக்கு விட்டது. விளக்கையும் யன்னற் கண்ணாடியையும் உடைக்காமல் வீட்டினுள்ளேயே எறியத்தக்க பந்து என்பதே அதன் பெருமை. 'நேர்ஃப்' என்ற அந்தப் பெயரில், 1990களின் தொடக்கத்தில் ஸ்பொஞ்சு அம்புகளும் வந்தன. அம்பின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர். கணக்கிட்டால் அதன் சக்தி ஒரு யூலின் ஐந்தில் ஒரு பங்கு. அதே வேகத்தில் வரும் கிரிக்கெற் பந்தின் சக்தியோ இதனிலும் நூற்றைம்பது மடங்குக்கு மேல்.

ஆகவே அந்த அம்பு ஊறு செய்யாது. ஆயினும் அதே காரணத்தால் அது இலக்கையும் ஒன்றும் செய்யாது. குத்தாது, உடைக்காது, வீழ்த்தாது, ஒலிக்கவும் செய்யாது. அம்பின் நற்குணமே இலக்கை ஊமையாக்கிவிட்டது. ஊமை இலக்கிற் சலிப்படைந்த சிறுவன், கத்தி ஓடும் இலக்கைத் தேடுகின்றான். அவ்வாறாயின் செய்யவேண்டியது என்ன? பலகைக்கு வாய் வைக்க வேண்டும்.

இதிற் புதுமை ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1970களிலேயே அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் றொக்ஃபர்ட் என்னும் நகரத்து அரக்னிட் நிறுவனம், இலத்திரனியல் முறையிற் புள்ளி கணிக்கும் அம்புப் பலகையைச் செய்தது. ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டிகளிலும் இன்று இலத்திரனியல் இலக்குகளே பயன்படுகின்றன. பத்து மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அளவினது. குண்டு எங்கே பட்டது என்பதை மனிதக் கண் தீர்மானிப்பது எளிதன்று. ஒலியைக் கொண்டு அளக்கும் இலக்குகளில் மூலைதோறும் ஒலிவாங்கிகள் உள்ளன. குண்டின் ஓசை எந்த ஒலிவாங்கியை முதலில் அடைந்தது, எதனைப் பின்னர் அடைந்தது என்ற நேர வேறுபாட்டினால் இடம் கணிக்கப்படும். காற்றில் ஒலி ஒரு சென்ரிமீற்றர் செல்ல எடுக்கும் நேரம், ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 29 பங்கு. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவனும் நம் நாட்டின் தெகானி எகொடவெலவும் 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தப் பத்து மீற்றர்ப் போட்டியிலேயே பங்குபற்றினர்.

எங்களுக்கு அத்தகைய நுட்பம் வேண்டியதில்லை. 'பட்டது', 'இந்தப் பலகையிற் பட்டது' என்ற இரண்டு விடைகள் போதும்.

முதலில் அம்பின் காரியத்தை முடித்தோம். துப்பாக்கி அலுமாரியின் மேலேயே இருக்கட்டும் என்பது வீட்டின் தீர்ப்பு. கையால் எறியும் அம்புகளைப் பேரனே செய்தான். ஸ்பொஞ்சு உடலுக்கு, தேய்ந்த சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுருட்டிய மழுங்கிய தலை. பின்னே பனையோலைச் சிறகு. சுமார் பத்துக் கிராம் எடை. சிறுவன் கையிலிருந்து அது செல்லும் வேகம் துப்பாக்கி அம்பின் வேகத்திற் பாதியும் இராது. ஆயினும் எடை பத்து மடங்கு ஆகையால், பலகையைத் தள்ளும் உந்தம் அதற்கு அதிகம். திண்ணையில் ஒரு கோடு கீறினோம். எறிபவர் கோட்டைத் தாண்டலாகாது. எறியும் வேளையில் வேறெவரும் கோட்டுக்கு அப்பால் நிற்கலாகாது. மழுங்கிய தலையாயினும் கண்ணிற் பட்டால் கண் கண்தானே.

அடுத்து, பலகை எவ்வாறு அடியை உணரும்? என் முதல் எத்தனம் தோல்வியில் முடிந்தது. உணவு பொதியும் அலுமினியத் தாள்கள் இரண்டினை எடுத்து, நடுவே துளையிட்ட ஸ்பொஞ்சு ஒன்றை வைத்து, அடிபட்டதும் தாள்கள் துளைவழியே தொட்டுக்கொள்ளும் ஓர் ஆளியைச் செய்தேன். விரலால் அழுத்தினால் மின்குமிழ் அழகாக எரிந்தது. அம்பு பட்டால் சில வேளை எரிந்தது. சில வேளை எரியவில்லை. தாளில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டாலோ அணையவே இல்லை. இரண்டு நாட்களில் பேரன் நம்பிக்கை இழந்தான். ஒரு நாள் விடை கூறி மறுநாள் கூறாத இலக்கு, ஊமை இலக்கிலும் கேடானது.

விடை அடுக்களையிலேயே கிடந்தது. அவ்வாண்டு சமையல் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு. மருமகள் விறகடுப்பிற்கு மாறிவிட்டாள். எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைற்றர் ஆணியிற் சும்மா தொங்கிற்று. அதற்குப் பற்றரி இல்லை. அழுத்தினால் மாத்திரம் தீப்பொறி பறக்கிறது. எவ்வாறு? சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றின் இரு முகங்களிலும் மின் தோன்றும். இதனை 1880 ஆம் ஆண்டில் பாரிசில் கண்டறிந்தோர் சகோதரர் இருவர்: ஜாக் கியூரி, பியர் கியூரி. பின்னர் மேரியை மணந்து, றேடிய ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற அதே பியர் கியூரிதான். அப்போது அவருக்கு வயது 21. லைற்றரினுள் ஒரு சிறு சுத்தியல் அத்தகைய வெண்களி உருளையைத் தட்டுகின்றது. ஆயிரக்கணக்கான வோற்று எழுந்து காற்றில் பொறியாகப் பாய்கின்றது.

அதே பொருள், மெல்லிய வில்லை வடிவில், பித்தளைத் தகட்டின்மேல் ஒட்டப்பட்டு, பல பொருள்களில் ஒலியெழுப்பியாகப் பயன்படுகின்றது. மின்னைக் கொடுத்தால் வில்லை அதிர்ந்து ஒலிக்கும். மாறாக, வில்லையை அதிரச் செய்தால் அது மின்னைக் கொடுக்கும். பாடும் வாழ்த்து அட்டை, பழுதடைந்த விளையாட்டுக் கார், எலாம் மணிக்கூடு ஆகியவற்றிலிருந்து நான்கு வில்லைகளைச் சேர்த்தோம். ஓர் எச்சரிக்கை: வில்லையின் வெண்முகத்தில் உள்ள வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. பற்றாசு பிடிக்கும்போது இரும்பை ஓரிரு செக்கன்களுக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். ஐந்தாவது வில்லையொன்று என் கையால் அவ்வாறே பாழாயிற்று. இளமையில் நடுங்காத கை இப்போது சற்று நடுங்குகிறது.

சாணகலச் சதுரங்களாக நான்கு ஒட்டுப்பலகைகளை வெட்டி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வில்லையைப் பசையால் ஒட்டினோம். ஒவ்வொரு வில்லைக்கும் குறுக்கே பத்து இலட்சம் ஓம் தடையொன்று. எழுந்த மின் வடிந்து போவதற்கு. கூடவே 5.1 வோற்று செனர் இருவாயி ஒன்று. வன்மையான அடியில் வில்லை பல பத்து வோற்றைக் கக்கிவிடும். அது நேரே சென்றால் கணிக்கும் சில்லு கருகிவிடும். செனர் இருவாயி குளத்தின் வான் போன்றது. அளவுக்கு மேற்பட்டதை வழிந்தோடச் செய்யும்.

கணிக்கும் சில்லு என்றேன். இத்தாலியின் இவ்றியா நகரில் 2005 ஆம் ஆண்டில், மாணவர்களுக்கெனத் தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு பலகையை நேயர்களுள் இளைஞர் அறிவர். உள்ளங்கையில் அடங்கும். அதற்குரிய கட்டளைகளை எழுதும் வித்தை எனக்குத் தெரியாது. அயலில் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவிற் பயிலும் மாணவியொருத்தி அப்பொறுப்பை ஏற்றாள். பாடசாலைச் செயற்றிட்டமொன்றுக்காக வாங்கிய பலகை அவளிடம் இருந்தது. மீள மின்னேற்றத்தக்க 1.2 வோற்றுக் கலங்கள் நான்கு அதற்கு உயிர் கொடுத்தன. மின்வெட்டு எங்கள் விளையாட்டைத் தீண்டவில்லை.

இனி வந்த இடர்கள் மூன்று. இவற்றைக் கூறாமல் விட்டால் பேச்சு பொய்யாகிவிடும்.

முதலாவது, பலகை அளவுக்கு மீறிக் கேட்டது. கதவு அடித்தாலும் விளக்கு எரிந்தது. அயல் வீட்டு நீரிறைக்கும் இயந்திரம் இயங்கினாலும் எரிந்தது. சில்லு மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை எண்ணாகக் காட்டும். சும்மா கிடக்கும் பலகை பத்து, பதினைந்து என்று முணுமுணுத்தது. அம்பு பட்டால் பல நூறாக எழுந்தது. நூறுக்குக் கீழ்ப்பட்டவற்றைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரம்பு வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது, ஓர் அம்புக்கு மூன்று புள்ளி. மணியை ஒருமுறை அடித்தாலும் அதன் நாதம் நீடிப்பதுபோல, பலகையும் அடிக்குப் பின் சிறிது நேரம் அதிர்கின்றது. ஒவ்வொரு அதிர்வையும் சில்லு புதிய அடியாக எண்ணிற்று. பேரன் இக்குறையை மிகவும் விரும்பினான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஓர் அடியைக் கேட்டபின் ஒரு செக்கனின் ஏழில் ஒரு பங்கு நேரத்திற்குச் செவிடாயிரு என்று மாணவி கட்டளையிட்டாள். அதற்குள் இன்னோர் அம்பை எறிய எவராலும் முடியாது.

மூன்றாவது இடரே கடினமானது. விளையாட்டின் விதி இது: நான்கு பலகைகளில் ஏதேனும் ஒன்றின் விளக்கு எரியும், மூன்று செக்கனுக்குள் அதனை அடித்தால் ஐந்து புள்ளி, வேறு பலகையில் பட்டால் ஒன்று. ஒரு மாலை பேரன் கண்ணீர் மல்க வந்து நின்றான். "அப்பப்பா, பலகை பொய் சொல்லுது. நான் ரெண்டாவதுக்குத்தான் அடிச்சனான். அது முதலாவது எண்டு சொல்லுது." தோற்றவன் கூறும் சாட்டு என்றே எண்ணினேன். ஆயினும் நானே எறிந்து பார்த்தபோது அவன் கூற்று மெய்யென்று தெரிந்தது. பலகை உண்மையாகவே முதலாம் இலக்கிற்கு ஓரவஞ்சனை செய்தது.

மாணவி இரண்டு இரவுகள் இதனை ஆராய்ந்தாள். நான்கு பலகைகளும் ஒரே சட்டத்தில் ஆணியறையப்பட்டிருந்தமையால் ஒன்றின் அதிர்வு மற்றவற்றுக்கும் சென்றது. சில்லோ நான்கையும் ஒரே வேளையில் நோக்குவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகக் கேட்கிறது. மரத்தில் ஒலி காற்றிலும் பன்மடங்கு விரைவாகச் செல்லும். ஆகவே சில்லு ஒரு சுற்றுக் கேட்டு முடிப்பதற்குள் அதிர்வு நான்கு இடங்களிலும் பரவிவிடுகிறது. வரம்பைத் தாண்டியதாக முதலிற் காணப்படுபவன் வரிசையில் முன்னிற்பவன். அவனே குற்றவாளி எனத் தீர்ப்பு. ஒலியால் அளக்கும் இலக்கு நேரத்தைக் கொண்டு இடம் காண்கின்றது. எங்கள் சில்லின் வேகத்திற்கு அது எட்டாது. ஆகையால் நேரத்தை விட்டு, வன்மையைப் பிடித்தாள். ஏதேனும் ஒரு பலகை வரம்பைத் தாண்டினால், உடனே தீர்ப்புக் கூறாது, ஒரு செக்கனின் இருநூறில் ஒரு பங்கு நேரம் பொறுத்து, நால்வர் சாட்சியையும் கேட்டு, எவன் குரல் மிக உயர்ந்ததோ அவனையே அடிபட்டவனாகக் கொள். அத்துடன், ஆணிகளைக் கழற்றிவிட்டு, தேய்ந்த இறப்பர்ச் செருப்புகளின் அடியை வெட்டி, பலகைக்கும் சட்டத்திற்கும் இடையே மெத்தையாக வைத்தோம். அதன்பின் பலகை பொய் கூறவில்லை. பேரனோ ஒரு வார காலம், தான் கண்டுபிடித்த குற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் கூறித் திரிந்தான்.

தங்கையை அவன் பின்னர் குறிபார்க்கவே இல்லை என்று கூறினால் நேயர்கள் நம்பமாட்டீர்கள், நானும் கூறமாட்டேன். தலையணையால் அடித்திருக்கிறான், தண்ணீரும் ஊற்றியிருக்கிறான். ஆனால் அம்பு கையில் இருக்கும்போது அவன் முகம் பலகையின் பக்கமே இருந்தது. தங்கை கோட்டருகே நின்று புள்ளிகளை உரக்கக் கூறுவாள். நூறு வரை எண்ண அவள் கற்றது அவ்விதமே. ஒருநாள் மாலை, உலையை இறக்கிவிட்டு வந்த மருமகள், ஒரு சொல்லும் பேசாமல், கோட்டில் நின்று ஓர் அம்பை எடுத்து எறிந்தாள். நான்காம் பலகையின் விளக்கு எரிந்தது. "மாமா, இது நல்லாய்த்தான் இருக்கு" என்று கூறிவிட்டு மீண்டும் உள்ளே சென்றாள். நான் பெற்ற நற்சான்றுகளுள் இதனை மேலானதாகக் கருதுகின்றேன்.

இவ்வளவில் கதை முடிந்திருக்கும். ஆயின் எங்கள் அயலில், போரிலே இரு கண்களையும் இழந்த ஒருவர் இருக்கிறார். சைக்கிள் திருத்துவதில் வல்லவர். சில்லின் கம்பிகளை விரலால் மீட்டியே கோணலைக் கண்டுபிடிப்பார். மாலை வேளைகளில் எங்கள் திண்ணையில் வந்து அமர்வார். அம்பு விழும் ஓசையைக் கொண்டே, விளக்கு எரியுமுன், "இது மூண்டாவது" என்று சொல்லுவார்; தவறியது அரிது. பேரன் ஒருநாள் அவர் கையில் அம்பைக் கொடுத்து, "மாமா, நீங்கள் எறியுங்கோ" என்றான். எங்கே எறிவது என்று அவருக்கு யார் சொல்வது?

விளக்குக்குப் பதிலாக ஒலி எழுப்பினால் ஆயிற்று என்று எளிதாக எண்ணினோம். ஒவ்வொரு பலகையிலும் 'கீச்' என ஒலிக்கும் சிறு ஒலியெழுப்பியைப் பொருத்தினோம். அவர் தலையை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூறினார்: "மாஸ்ரர், கேக்குது, எங்கையிருந்து கேக்குது எண்டுதான் தெரியேல்லை." ஓசை கொண்டே உலகை அறியும் ஒருவரே இவ்வாறு கூறியது எனக்கு வியப்பாயிற்று. பழைய நூல்களைப் புரட்டியபோது காரணம் புலப்பட்டது. 1936 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்து ஸ்ரீவன்ஸ், நியூமன் என்னும் இருவர் இதனை ஆராய்ந்துள்ளனர். எதிரொலி தடையாகாதிருக்க, கட்டடத்தின் கூரைமேல் உயர்ந்த நாற்காலியில் ஒருவரை இருத்தி, கண்ணை மூடச் செய்து, ஒலி வரும் திசையைக் கேட்டனர். தாழ்ந்த சுரத்திலும் மிக உயர்ந்த சுரத்திலும் திசை ஓரளவு தெரிகின்றது. இடையே, செக்கனுக்கு மூவாயிரம் அதிர்வு அளவிலான தனிச் சுரத்தில் செவி மிக அதிகமாகத் தடுமாறுகின்றது. மலிவான ஒலியெழுப்பிகளோ பெரும்பாலும் அந்த அளவிலேயே கீச்சிடுகின்றன!

தனிச் சுரம் ஆகாது. பல சுரங்கள் கலந்த, சடுதியாகத் தோன்றி மறையும் ஒலியே திசையைக் காட்டும். பல்லி சொல்வதைக் கேட்டு அது எந்தச் சுவரில் இருக்கிறதென நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லையா? பழுதடைந்த வானொலிப் பெட்டிகளிலிருந்து நான்கு சிறு ஒலிபெருக்கிகளைக் கழற்றினோம். வானொலியிற் பேச வந்த நான் இதனைக் கூறலாமோ கூடாதோ, அறியேன். கீச்சொலியை நீக்கி, 'டக், டக், டக்' என்று பல்லியைப் போலச் சொல்லும்படி மாணவி கட்டளையை மாற்றினாள். இன்னொரு மாற்றமும் வேண்டியிருந்தது. இரு செவிகளும் இடம் வலம் அறிவதில் வல்லவை. மேல் கீழ் அறிவதில் அவ்வளவு வல்லவை அல்ல. ஆகையால் இரண்டின்மேல் இரண்டாக இருந்த பலகைகளைக் கழற்றி, நான்கையும் ஒரே மட்டத்தில், நெஞ்சுயரத்தில், இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தினோம்.

அவர் கோட்டில் வந்து நின்றார். இரண்டாம் பலகை சொல்லத் தொடங்கிற்று. நெடுநேரம் கேட்டார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. எறிந்த அம்பு சுவரிற் பட்டது. அடுத்ததும் சுவரில். மூன்றாவது பலகையின் ஓரத்தைத் தொட்டது; பலகை வெற்றி ஒலி எழுப்பிற்று. அவர் சிரிக்கவில்லை. "இன்னொருக்கால் சொல்லச் சொல்லுங்கோ" என்றார். அன்று இருட்டி வெகு நேரம் வரை எறிந்துகொண்டிருந்தார். இருட்டு அவருக்கு ஒரு பொருட்டல்லவே. இருட்டிற் பார்க்க இயலாமல் நாங்கள்தான் கீழே விழுந்த அம்புகளைத் தடவித் தேடினோம். சில வாரங்களில், கண்ணைக் கட்டிக்கொண்டு அவரோடு போட்டியிட்ட பேரன் ஒவ்வொரு முறையும் தோற்றான். கண்ணைக் கட்டாமல் எறிந்தபோதும் இரண்டு முறை தோற்றான்.

அந்த மாணவி இப்போது மேற்படிப்பிற்காக வெளியூர் சென்றுவிட்டாள். கட்டளைகளை ஒரு கொப்பியில் எழுதி, எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று பேரனுக்குக் கற்பித்துவிட்டே போனாள். வரம்பு எண்ணை அவன் அவ்வப்போது மாற்றிப் பார்க்கிறான். சென்ற மாரியில் ஈரம் புகுந்து மூன்றாம் பலகையின் வில்லை பசை விட்டுக் கழன்றது. மீண்டும் ஒட்டும்போது என் கையில் வெடித்துவிட்டது. அதனால் அந்தப் பலகை இப்போது சொல்லும், அடித்தால் கேட்காது. சைக்கிள் திருத்துபவர் நாள்தோறும் அதுபற்றி விசாரிக்கிறார். பாடாமற்போன பழைய வாழ்த்து அட்டை எவர் வீட்டிலேனும் கிடக்கிறதா என்று பேரன் வீடு வீடாகக் கேட்டுத் திரிகின்றான்.